இன்ச் டேப்போடு ஒரு டெஸ்ட் டிரைவ்

முப்பது வருஷமாக மனிதர்களுக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் சோபாவுக்கு எடுத்திருக்கிறேன், தலையணைக்கு எடுத்திருக்கிறேன். படவேடு பக்கம் ஒரு கோயில் தேருக்குத் துணி தைக்க, தேர்ச் சக்கரத்தின் மேலேயே ஏறி நின்று எடுத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமைதான் முதல் முறையாக ஒரு காருக்கு அளவு எடுத்தேன்.

அதுவும் இன்னும் வாங்காத காருக்கு!

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்த கதையை இங்கே எழுதியபோது, ‘எங்க வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கார்’ என்று எத்தனை பேர் ஆறுதல் சொன்னீர்கள்... எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். படித்தவர்கள் எது சொன்னாலும் நம்பிவிடுவேன் — டேப்பை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு.

இந்தக் கார் விஷயத்தில் டேப் மட்டும் போதாது என்று ஒரு நோட்டும் போட்டேன். நாற்பது பக்க நோட்டு. அதில் முப்பத்தொரு கேள்விகள்.

எல்லாம் என் தம்பி சுகுமாருக்காக.

சுகுமார் ஐந்து வருஷத்துக்கு முன்னால் மலையில் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். உலுக்க ஏறியவன் கிளையோடு கீழே வந்துவிட்டான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலிதான். முதல் ஒரு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன், ஒரு நாள் காலையில் “ணா, கம்ப்யூட்டர் கிளாஸ் எங்க நடத்துறாங்கன்னு விசாரி” என்றான். விசாரித்தேன். சேர்ந்தான். இப்போது என் கடை மூலையில் உட்கார்ந்து ஊருக்கே அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிறான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு வேலை வந்தது. ஜமுனாமரத்தூரில் மலைப் பெண்கள் சேர்ந்து சாமையும் தேனும் புளியும் விற்கிற ஒரு குழு. ஆன்லைனில் ஆர்டர் வாங்கி, பார்சல் அனுப்பி, போனில் பதில் சொல்ல ஆள் வேண்டும். தங்க ரூம் உண்டு, வாசலில் சரிவு உண்டு, கழிவறைக் கதவுகூட அகலம். திங்கட்கிழமை காலை மலை ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. இந்தத் திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

சுகுமாரும் ஒரு நிபந்தனை வைத்தான்.

“என்னை யாரும் தூக்கக் கூடாது ணா.”

காரணம் இருக்கிறது. இந்த வேலைக்காகப் பேசிவர இரண்டு முறை பஸ்ஸில் மலை ஏறினான். கண்டக்டரும் நாலு பேரும் சேர்ந்து தூக்கி சீட்டில் வைத்தார்கள். நல்லவர்கள்தான், ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் சொன்னான்: “மூட்டை மாதிரி ஏத்துனாங்க ணா. மூட்டைக்காவது லக்கேஜ் சீட்டு கிழிப்பாங்க. எனக்கு அதுவும் இல்ல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அன்றைக்கு இரண்டு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைக்கும்படி ஆகிவிட்டது.

எங்கள் ஊரான ஒடுகத்தூருக்குள் அவனுக்கு மூன்று... இல்லை, நாலு சக்கர ஸ்கூட்டர் இருக்கிறது. பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்தது. எல்லாம் கையாலேயே. அதில் அவன் போகிற வேகத்தை நான் பார்ப்பதில்லை. பார்த்தால் அன்றைக்கு ஊசி என் விரலில் இறங்கும். ஆனால் அந்த ஸ்கூட்டரில் மலை ஏற முடியாது. சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொள்ள முடியாது.

சரி, நம்மிடம் இருப்பது பழைய சின்னக் கார். அதன் முன் சீட்டை அளந்தேன். தரையிலிருந்து பதினேழு இன்ச். சுகுமாரின் நாற்காலி, மெத்தையோடு சேர்த்து, இருபத்தொன்று. உள்ளே போவது கிணற்றில் இறங்குவது மாதிரி. வெளியே வர ஆள் வேண்டும். மாமா மகன் ஒருத்தன் பெரிய எஸ்யுவி வைத்திருக்கிறான். அதையும் அளந்தேன். முப்பத்திரண்டு! அதற்கு மலையிலேயே ஏறிவிடலாம்.

ஆக, இரண்டுக்கும் நடுவில் ஒரு வண்டி வேண்டும். நடுத்தர சைஸ் எஸ்யுவி. சட்டை சைஸ் மாதிரி, எக்ஸ்எல்லும் இல்லை, ஸ்மாலும் இல்லை.

இங்கேதான் சுகுமார் குறுக்கே வந்தான். “ஹைப்ரிட் பாரு ணா. கிளட்ச் இருக்கக் கூடாது. மேட்டுல நிறுத்தி எடுத்தா குலுங்கக் கூடாது.”

“எலெக்ட்ரிக் கார்?”

“மலை மேல காத்தடிச்சா கரன்ட் போயிடும். எங்க சார்ஜ் போடுவ? இதுல வயரே கிடையாது. பெட்ரோல் போட்டா போதும், பேட்டரிய அதுவே ரொப்பிக்கும்.”

கிளட்ச் வேண்டாம் என்று அவன் அழுத்தி அழுத்திச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெடல் மிஷினை மிதித்து மிதித்து என் இடது முட்டி போனது அவனுக்குத் தெரியும். வாரா வாரம் நான்தானே ஓட்டப்போகிறேன்? அண்ணனின் முட்டிக்காக எவ்வளவு யோசிக்கிறான் பாருங்கள் என்று என் வீட்டம்மா கலாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

இரண்டு முறையும் கலா சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஷோரூமில் நிவேதா என்றொரு பெண். மகள் வயசு இருக்கும். போனிலேயே என் நோட்டைத் திறந்தேன்.

“எலி ஒயரைக் கடிச்சா இன்னாம்மா ஆவும்?”

“கேபிள் எல்லாம் மூடியிருக்கும் சார்.”

“பேட்டரி மேல உக்காந்தா சூடு ஏறுமா?”

“அது பின்னாடி இருக்கு சார். அதுக்குத் தனியா காத்து போற வழி இருக்கு.”

“மழைத் தண்ணியில போனா ஷாக் அடிக்குமா?”

“அடிக்காது சார்.”

“கூரையில கண்ணாடி தொறக்குமாமே. மலையில கொரங்கு ஜாஸ்தி. உள்ள எறங்கிடுச்சின்னா?”



“...மூடிக்கலாம், அங்கிள்.”

சார், அங்கிள் ஆனது அந்த இடத்தில்தான்.

சிக்கல் டெஸ்ட் டிரைவில் வந்தது. ஷோரூமைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்தான் தருவார்களாம். சமதளத்தில், நல்ல ரோட்டில், காலி வண்டியில்! பொம்மைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்கு சஃபாரி சூட் தைக்க முடியுமா? மலை ஏறாத டெஸ்ட் டிரைவ் எனக்கு வேண்டாம் என்றேன். மேனேஜர் முடியாது என்றார். மறுநாள் போன் செய்தேன். முடியாது. அதற்கும் மறுநாள் செய்தேன். வழக்கமாக ஒரு கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுகிறவன் நான். எங்கிருந்து அந்தப் பிடிவாதம் வந்தது என்று தெரியவில்லை. நாலாவது நாள் நிவேதாவே பேசினாள்: “நான் ஓட்டிட்டு வர்றேன் அங்கிள். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். நீங்க போன் பண்றத நிறுத்துனா போதும்னுட்டாரு.”

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. தெருநாய்கூட எழுந்திருக்கவில்லை.

டேப்பை எடுத்தேன். பின் சீட்டின் அகலம் ஐம்பது இன்ச். மூன்று பேர் உட்காரலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். ஐம்பதை மூன்றாகப் பங்கு போட்டால் ஆளுக்குப் பதினாறரைக்குக் கொஞ்சம் மேலே. என்னிடம் சட்டை தைக்கிற எந்த ஆம்பளையின் தோளும் அதற்குள் அடங்காது. இரண்டு பேருக்கும் ஒரு துணிப்பைக்கும் சரி. கால் நீட்ட இடம்? உண்டு. தலைக்கு மேலே? என் கொண்டை போடாத தலைக்கு நாலு விரல் மிச்சம்.

அடுத்து டிக்கி. அகலம் எடுத்தேன், நீளம் எடுத்தேன். மடித்த சக்கர நாற்காலியையும் எடுத்தேன். போகும்! நோட்டில் டிக் அடித்தேன். நானும் நிவேதாவும் தூக்கி உள்ளே வைத்தோம். அழகாகப் போய் உட்கார்ந்தது.

கதவை இறக்கினால்... மூடவில்லை.

பேட்டரிக்காகத் தளத்தை உயர்த்தியிருக்கிறார்கள். மேலே கண்ணாடி சாய்ந்து இறங்குகிறது. உள்ளே இடம் இருக்கிறது, மூடுகிற இடத்தில் இல்லை. மார்பும் நீளமும் கச்சிதமாக எடுத்துவிட்டுக் கழுத்து அளவை மறந்து தைத்த சட்டை மாதிரி! தலை நுழைந்தால்தானே சட்டை? முப்பது வருஷ அனுபவம் நடுத்தெருவில் பல்லைக் காட்டியது.

“நாற்காலிய நடுவுல இருந்து வெட்டிடலாமா?” என்றான் சுகுமார், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி தொடையில் கையைத் தட்டிக்கொண்டு.

கலாதான் பின் சீட்டின் ஒரு பக்கத்தை மடக்கச் சொன்னாள். மடக்கினோம். நாற்காலி நீளவாக்கில் படுத்துக்கொண்டது, கதவும் மூடியது. ஐந்து பேர் போகிற வண்டி நாலு பேர் போகிற வண்டியாகிவிட்டது. பரவாயில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இனிமேல்தான் முக்கியமான அளவு. முன் பக்கம், இடது சீட்டு. அங்கேதானே சுகுமார் உட்காரப் போகிறான்? தரையிலிருந்து இருபத்தைந்து. நாற்காலி இருபத்தொன்று. வித்தியாசம் நாலு இன்ச்.

சுகுமாரிடம் ஒரு பலகை உண்டு. தச்சரிடம் சொல்லி வழவழவென்று இழைத்து வாங்கியது. ஒரு முனையை நாற்காலியிலும் மறுமுனையை சீட்டிலும் வைத்து, கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்வான். கட்டிலுக்கு அப்படித்தான் போகிறான். ஸ்கூட்டருக்கும் அப்படித்தான்.

நாற்காலியை வெளியே எடுத்ததும் அதில் ஏறி, இந்தச் சீட்டுக்கும் நகர ஆரம்பித்தான். பலகை மேல்நோக்கிச் சரிந்திருந்தது. பாதி தூரம் போனான். வழுக்கினான். நான் பாய்ந்தேன்.

“கை வைக்காத!”

நின்றேன். மறுபடி முயன்றான். மறுபடி வழுக்கினான். மூன்றாவது முறை நெற்றியெல்லாம் வியர்வை. தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். நிவேதா சட்டென்று திரும்பி, டயரில் எதையோ பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அந்தப் பெண்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

“இன்னிக்கு ஒரு நாள் தூக்கி வை ணா,” என்றான் சுகுமார் கடைசியில். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நானும் கலாவும் தூக்கி வைத்தோம். நாலு இன்ச். சட்டையில் நாலு இன்ச் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். காரைப் பிரிக்க முடியுமா?

வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூட வாய் வரை வந்தது. சுகுமார்தான் சொன்னான்: “வந்த வண்டி மலையப் பாத்துட்டுப் போவட்டும்.”

ஆலங்காயம் வழியாகப் போனோம். மலையடிவாரத்தில் கலா “நிறுத்துமா” என்றாள். பையிலிருந்து கற்பூரம், சந்தனம், குங்குமம், நாலு எலுமிச்சம்பழம்!

“மேடம், இது டெமோ வண்டி...”

“மலை ஏறப் போவுது இல்ல? டெமோவா இருந்தா இன்னா, எதுவா இருந்தா இன்னா.”

பானெட்டில் பொட்டு. நாலு சக்கரத்துக்கும் பழம். கற்பூரத்தைக் காட்டிவிட்டு, நானும் கலாவும் ஓரமாகக் கை கூப்பி நின்றோம் — நிவேதா ஸ்டார்ட் செய்யட்டும் என்று. நின்றோம்... நின்றோம்... என்ன, ஸ்டார்ட் ஆகவில்லையா? முதல் நாளே அபசகுனமா? நான் குனிந்து பார்த்தபோது ‘பொச்’ என்று பழச்சாறு என் வேட்டியில் அடித்தது. வண்டி எப்போதோ கிளம்பிவிட்டது. மோட்டாரில் ஓடுகிறதாம், சத்தமே வராதாம்.

அந்தப் பக்கம் பைக்கில் போன தெரிந்தவர் ஒருத்தர் இதைப் பார்த்துவிட்டார். நாங்கள் மூன்றாவது வளைவு ஏறுவதற்குள் போன் வர ஆரம்பித்தது. “புது வண்டியாமே! சொல்லவே இல்ல?” இன்று வரை நிற்கவில்லை.

மலை ஏறியது வண்டி. குறை சொல்ல வேண்டுமென்றால், செங்குத்தான இடத்தில் என்ஜின் உறுமுகிறது. மோட்டார் வைத்த தையல் மிஷினில் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணியை விட்டால் ஒரு சத்தம் வருமே, அது. வேகத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஏறும்போது மீட்டரில் மைலேஜ் என்று ஒரு எண் வந்தது. அதைப் பார்க்காமல் இருப்பது மனசுக்கு நல்லது.

ஆனால் ஒரு விஷயம். சுகுமாருக்கு இடுப்பில் பிடிமானம் கிடையாது. வண்டி வெட்டி இழுத்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அவன் பக்கத்தில் இருப்பவர் மேல் விழுவான். இதில் மேட்டில் நிறுத்தி எடுத்தபோதுகூடப் பின்னால் உருளவில்லை, உதறவில்லை. வளைவுகளில் மேலே இருந்த கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தான். அதை நான் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருமுறைகூடச் சாயவில்லை.

அந்தச் சீட்டு உயரம் இருபத்தைந்தாக மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்!

காவலூர் தாண்டி ரோட்டில் ஆட்டு மந்தை. என்ஜின் சத்தம் கேட்டால் ஆடு ஒதுங்கும். இதற்கு எது ஒதுங்கும்? பூனை மாதிரி பின்னால் போய் நின்றோம். ஆடு மேய்த்த அம்மா திரும்பிப் பார்த்துத் துள்ளிக் குதித்தார்.

“ஏம்பா, வண்டிய தள்ளிக்கினா வர்றீங்க?”

சுகுமார் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தான்.

ஜமுனாமரத்தூரில் குழுவின் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தினோம். இறங்குவது அவனுக்குச் சுலபம், பலகை கீழ்நோக்கிச் சரிகிறதே. தானே இறங்கினான். குழுத் தலைவி செல்லம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். கையில் சாமை மாவு.

“வா தம்பி. திங்கக்கெழம வந்துடுவ இல்ல? இல்லன்னா இப்பவே சொல்லிடு. ஆர்டர் குவிஞ்சி கெடக்குது, ஒருத்திக்கும் அந்தப் பொட்டியத் தட்டத் தெரியல.”

“அரை மணி நேரத்துல சொல்றேங்கா.”

அரை மணி நேரத்தில் என்ன மாறிவிடப்போகிறது? நாலு இன்ச் குறைந்துவிடுமா?

சுகுமார் நாற்காலியை உருட்டிக்கொண்டு வண்டிக்கு வந்தான். இடது பக்கக் கதவைத் தாண்டினான். பானெட்டைச் சுற்றிக்கொண்டு போனான். வலது பக்கக் கதவுக்கு எதிரே நின்றான்.

“நிவேதா மேடம், அந்த சீட்ட எறக்குங்க. எவ்ளோ எறங்குமோ அவ்ளோ.”

“சார், நீங்க ஓட்ட முடியாது, இதுல—”

“ஓட்டல மேடம். உக்காந்து பாக்குறேன்.”

நிவேதா ஒரு பொத்தானை அழுத்தினாள். சீட்டு மெதுவாக இறங்கியது... இறங்கிக்கொண்டே இருந்தது.

“இந்த வண்டியில ஏத்தி எறக்குற சீட்டு ஒண்ணே ஒண்ணுதான் ணா,” என்றான் சுகுமார். “அது டிரைவர் சீட்டு. டேப் வச்சிப் பாரு.”

வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு.

நிவேதா ஸ்டியரிங்கை மேலே தூக்கிவிட்டாள். சுகுமார் பலகையை வைத்தான். கிட்டத்தட்ட மட்டமாக நின்றது. கையை ஊன்றினான். ஒரு நகர்வு, இரண்டு, மூன்று. கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தான். பலகையை உருவிப் பக்கத்துச் சீட்டில் போட்டான். பெல்ட்டை இழுத்து மாட்டினான். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்தான்.

யாரும் தொடவில்லை.

“உனக்கு இதெல்லாம் எப்படா தெரியும்?” என்றேன்.

“ரெண்டு மாசமா பாக்குறேன். வேலூர்ல ஒருத்தரு, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கைல புடிச்சி ஓட்டற மாதிரி லிவர் வச்சிக் குடுக்குறாரு. கிளட்ச் இல்லாத வண்டியா இருக்கணும்னாரு. லைசென்ஸுக்கும் விசாரிச்சிட்டேன். வண்டிய அதுக்கேத்த மாதிரி பதிவு பண்ணணும், அந்த வண்டியிலயே ஓட்டிக் காட்டணும். நேரம் புடிக்கும். ஆனா முடியும்.”

“அப்போ... என் முட்டி?”

“உன் முட்டிக்கு இன்னா?”

கலா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும்! “உங்ககிட்ட சொன்னா நோட்டு பத்தாதுன்னுதான் தம்பி சொல்ல வேணாம்னுச்சி,” என்றாள்.

கோபம் வந்ததா என்றால், வந்தது. எவ்வளவு நேரம் என்றால், ஒரு வளைவு திரும்புகிற நேரம். பிறகு பயம் வந்தது. அது போகவே இல்லை. இந்த மலையில்... இவன்... தனியாக... பிரேக் கையில்... வழியில் பஞ்சர் ஆனால்? மழை பெய்தால்? எதிரே பஸ் வந்தால்? போனில் சிக்னல் இல்லையென்றால்? நோட்டைத் திறந்தேன். முப்பத்திரண்டாவது கேள்வி என்று போட்டேன். முப்பத்துமூன்று என்று போட்டேன்.

“ணா,” என்றான் சுகுமார். “எலிய கேட்ட, கொரங்க கேட்ட. யாரு ஓட்டறதுன்னு அந்த நோட்டுல ஒரு கேள்வி இருக்குதா?”

புரட்டிப் பார்த்தேன். இல்லை.

நாற்பது பக்கத்திலும் அவன் இடது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நானே ஓட்டிக்கொண்டிருந்தேன். கவலைப்படுகிறவர்களுக்கு உள்ள பெரிய கோளாறு இதுதான் என்று நினைக்கிறேன். ஆபத்தையெல்லாம் நுணுக்கி நுணுக்கி அளப்போம். ஆளை அளக்க மாட்டோம்.

செல்லம்மாள் சரிவில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா முடிவு?” என்றார், மாவுக் கையைத் தட்டிக்கொண்டே.

சுகுமார் என்னைப் பார்த்தான். வண்டி இன்றைக்கே பதிவு செய்தாலும் கைக்கு வர நாளாகும். லிவர் வைக்க வேண்டும், லைசென்ஸ் வாங்க வேண்டும். அதுவரைக்கும்? திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் நடுவில்.

எங்கள் பழைய கார் மலை ஏறும். நான்தான் ஏறமாட்டேன். முதல் வளைவைப் பார்த்ததுமே எனக்குக் கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும். பதினொரு வருஷமாக அந்தப் பாதையில் நான் வண்டி ஓட்டியதில்லை. புது வண்டி வந்தால் அந்தப் பயம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

“திங்கக்கெழம வருவான் மா,” என்றேன். “புது வண்டி கைக்கு வர்ற வரைக்கும் நான் ஓட்டிக்கினு வர்றேன்.”

கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்குக்கூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

“பழைய வண்டியில தூக்கணுமே, பரவால்லியாடா?” என்று தம்பியிடம் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “தூக்குறதுக்கு ஒரு முடிவு தேதி இருக்குது இல்ல? அப்போ பரவால்ல.”

திரும்பக் கிளம்ப வேண்டும். நிவேதாதானே ஓட்ட வேண்டும்? சுகுமார் டிரைவர் சீட்டிலிருந்து தானே இறங்கினான். இடது பக்கம் வந்து நின்றான். கையைத் தூக்கி என் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

“இந்த வண்டியில இதான் கடைசித் தடவ. தூக்கு.”

தூக்கினேன். இந்த ஐந்து வருஷத்தில் எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவன் கனமாகவே இல்லை.

இறங்கும்போது ஒரு நல்ல விஷயம் கண்டுபிடித்தேன். பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் வீணாகப் போகிற வேகத்தை எடுத்து பேட்டரியில் போட்டுக்கொள்கிறது வண்டி. வெட்டியது போக மிஞ்சின துணியில் கடைக்காரன் பை தைத்துக்கொள்வது போலத்தான். ஏறும்போது தின்ற பெட்ரோலுக்கு இறங்கும்போது கொஞ்சம் பிராயச்சித்தம் செய்கிறது. பாதி மலையில் திடீரென்று என்ஜின் உறும, நான் “பிரேக் போச்சா!” என்று கத்திவிட்டேன்.

“பேட்டரி ரொம்பிடுச்சி அங்கிள். இனிமே என்ஜினே வண்டியப் புடிச்சி நிறுத்தும். நல்லதுதான்,” என்றாள் நிவேதா, திரும்பாமலே.

நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன். இந்த முறை கேள்வியாக இல்லை.

ஆக, என்னைக் கேட்டால்: டிக்கி சின்னது, மேட்டில் சத்தம் போடும், பின்னால் மூன்று பேர் என்பது பேச்சுக்கு, ஆட்டுக்கு முன்கூட்டியே ஹாரன் அடிக்க வேண்டும். விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். உங்கள் குடும்பத்துக்குச் சரியாக இருக்குமா? எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் யார் எந்தக் கதவு வழியாக ஏறப்போகிறார் என்பதைப் பொறுத்தது. அதை முதலில் கேட்டுவிட்டு டேப்பை எடுங்கள்.

வெள்ளிக்கிழமை ஷோரூமுக்குப் போய் முன்பதிவு செய்தோம். படிவத்தை நிரப்பியது சுகுமார். கையெழுத்துப் போட்டதும் சுகுமார். என் நோட்டை மேஜை மேல் பார்த்ததும் மேனேஜர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பழைய காரில் மலை ஏறினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்தே என் வம்சத்தை விசாரித்தார். “மெதுவா போ ணா, அவசரம் இல்ல,” என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான் சுகுமார். முதல் நாள் வேலைக்குப் போகிறவன், எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு! சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆனால் ஒன்பதரைக்கு அவன் அந்தச் சரிவில் ஏறி உள்ளே போனான். ஜன்னல் வழியாகக் கம்ப்யூட்டர் வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

இறங்கும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். புது வண்டி வந்ததும் வலது பக்கம் சுகுமார். இடது பக்கம் கலாவாம், இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். பின்னால் சக்கர நாற்காலி. அது போக ஒரு ஆள் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மலை முழுக்கக் கவலைப்படுவதற்கு முப்பது இன்ச் மிச்சம் இருக்கிறது... அளந்துவிட்டேன்!